அடுத்த சூரியனுக்கும் ஒரு சனி?

சூரியனை ஒத்த விண்மீன்களில் நமக்கு மிக அருகில் இருப்பது ஆல்ஃபா செண்டாரி என்பதும், அது தமிழ்நாட்டின் தெற்கு அடிவானத்தில் ஆண்டுதோறும் சித்திரை, வைகாசி இரவுகளில் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது என்பதும், ஒரே விண்மீனாகத் தோன்றும் அது உண்மையில் இரண்டு என்பதை உலகில் முதலில் கண்டவர் நம் சோழமண்டலக் கரையில் நின்று கண்டார் என்பதும் ஒன்றுசேர்த்துச் சொல்லப்படுவது அரிது. அந்த இரட்டையருள் பெரியதான 'ஆல்ஃபா செண்டாரி ஏ'வைச் சனிக்கோளின் பொருண்மை கொண்ட ஒரு பெருங்கோள் சுற்றி வரக்கூடும் என்று, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளை ஆராய்ந்த குழு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. செய்தித் தலைப்புகள் பலவும் இதைக் கண்டுபிடிப்பாகவே எழுதிவிட்டன. ஆனால் குழுவினர் தம் கட்டுரைகளில் 'வேட்பாளர்' என்ற நிலைக்கு மேல் அதை உயர்த்தவில்லை. கோள் வேட்டையில் வேட்பாளர் என்றால், கோளாக இருப்பதற்கான தகுதிகள் தெரிகின்றன, உறுதிப்படுத்தும் இன்னொரு சான்று கிட்டவில்லை என்று பொருள். இந்த விண்மீனின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்த எச்சரிக்கையின் காரணம் எளிதில் விளங்கும்.

பூவராகர் கோயில் கொண்ட ஸ்ரீமுஷ்ணமும் நடராசர் கோயில் கொண்ட சிதம்பரமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், அதாவது வடக்கு 11.4 பாகையில் அமைந்தவை. இந்த அட்சரேகையிலிருந்து பார்க்கையில் ஆல்ஃபா செண்டாரி தெற்கில் சுமார் 18 பாகை உயரம்வரை எழும்பும். கையை முழுவதும் நீட்டி, அடிவானத்தின் மீது ஒரு முட்டியை வைத்து அதன் மேல் மற்றொரு முட்டியை அடுக்கினால் வரும் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. வைகாசியின் கடைசி வாரத்தில் இரவு ஒன்பதரை மணியளவில் அது தெற்கு உச்சிக்கு வரும். அதற்கு வலப்புறம், நம் மரபு திரிசங்கு என்று சொல்லும் தெற்குச் சிலுவை மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். சிலுவைக்கு இடப்புறம் அருகருகே தெரியும் இரண்டு ஒளிமிக்க விண்மீன்களில் சிலுவைக்குத் தள்ளியிருப்பது ஆல்ஃபா, நெருங்கியிருப்பது பீட்டா. ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: நெய்வேலியின் இரவு வெளிச்சம் வடக்கே இருக்கிறது, தெற்கே கொள்ளிடம் வரையிலும் மலை மறைப்பு இல்லை. தில்லியில் இருப்பவர்களுக்கு இதே விண்மீன் அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் மறைந்துவிடும்.

இரவு வானில் சிரியசுக்கும், அகத்தியர் என்று நாம் சொல்லும் கனோபசுக்கும் அடுத்தபடியாக ஒளி மிகுந்தது இதுதான். அப்படியிருந்தும் பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்களில் இதற்கு இடமில்லை. அவற்றில் பெரும்பாலானவை சந்திரன் செல்லும் பாதையை ஒட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆல்ஃபா செண்டாரியோ அந்தப் பாதைக்கு நாற்பது பாகைக்கு மேல் தெற்கே தள்ளிக் கிடக்கிறது.

புதுச்சேரியில் ஒரு வால்மீன்

1689ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தக் கடற்கரை பெரும் குழப்பத்தில் இருந்தது. மராட்டிய மன்னர் ராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பிச் செஞ்சிக் கோட்டையில் புகுந்திருந்தார். அடுத்த ஆண்டில் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, அங்கிருந்து பீரங்கியால் சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுந்ததோ அவ்வளவு தூரத்து ஊர்களும் தன்னுடையவை என்று எல்லை வகுத்துக்கொண்டது.  வடக்கே புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்களின் சிறு குடியிருப்பு. சயாமில் 1688இல் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய இயேசு சபைத் துறவியரில் கணிதமும் வானியலும் கற்ற ழான் ரிஷோ என்பவர் அந்தக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அந்த மாதத்தில் தோன்றிய வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியில் தொடர்ந்துகொண்டிருந்தபோது ரிஷோவின் பார்வை ஆல்ஃபா செண்டாரி மீது விழுந்தது. டிசம்பரில் இந்த விண்மீன் விடியலுக்குச் சற்று முன்புதான் தென்கிழக்கில் எழும், அதிக உயரத்துக்கு வருவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். கிடைத்த குறுகிய நேரத்தில், வெறுங்கண்ணுக்கு ஒற்றையாகத் தெரிந்த புள்ளி தொலைநோக்கியில் நெருங்கிய இரண்டாகப் பிரிவதை அவர் குறித்துவைத்தார். தொலைநோக்கியின் துணையால் இரட்டை என்று அறியப்பட்ட விண்மீன்களில் மிகத் தொடக்கக் காலத்தவற்றுள் இது ஒன்று. நம் திருமணங்களில் அருந்ததியோடு சேர்த்துக் காட்டப்படும் வசிட்டரும் அப்படித் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிவதே. அது இதற்கும் முந்திய கண்டுபிடிப்பு. தொலைநோக்கியைக் கொண்டு இந்திய மண்ணிலிருந்து நிகழ்ந்த முதல் வானியல் கண்டுபிடிப்பாக ரிஷோவின் குறிப்பை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர்களின் நினைவுக்கு இருக்கும் இடத்தில் சிறிதளவேனும் இந்தத் துறவிக்கும் இருந்திருக்கலாம்.

இரண்டு விண்மீன்கள் அருகருகே தெரிவதாலேயே அவை உறவுடையவை என்று கொள்ள முடியாது. ஒன்றின் பின்னால் வெகு தொலைவில் மற்றொன்று இருந்தாலும் அப்படித்தான் தெரியும். ஒன்றையொன்று சுற்றுவது பல ஆண்டு அளவீடுகளால் நிறுவப்பட்ட பிறகே அவை இணை விண்மீன்கள் ஆகின்றன. ஆல்ஃபா செண்டாரியின் 'ஏ', 'பி' இரண்டும் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகும். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவை ஒரு வானியல் அலகு என்பார்கள். அந்த அளவில் இவ்விரண்டும் 11 அலகு வரை நெருங்கி 36 அலகு வரை விலகுகின்றன. 'ஏ' சூரியனைவிடச் சிறிது பெரியது, ஒன்றரை மடங்கு ஒளி மிக்கது, நிறமாலையில் சூரியனின் வகையைச் சேர்ந்தது. 'பி' சற்றுச் சிறியது, செம்மஞ்சள் சாயல் உடையது. மூன்றாவதாகத் தொலைவில் சுற்றும் பிராக்சிமா என்ற மங்கிய சிவப்புக் குறுமீனை 1915இல் தென்னாப்பிரிக்காவில் ராபர்ட் இன்னஸ் கண்டார்.

ஆல்ஃபா செண்டாரியின் தொலைவை அளந்தவர் நன்னம்பிக்கை முனையில் பணியாற்றிய தாமஸ் ஹென்டர்சன். பூமி சூரியனைச் சுற்றுவதால் அருகிலுள்ள விண்மீன் ஆறு மாத இடைவெளியில் மிகச் சிறிது இடம் மாறித் தோன்றும். இடமாறு தோற்றம் எனப்படும் அந்தக் கோணத்திலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். ஹென்டர்சன் 1832, 1833 ஆண்டுகளில் எடுத்த அளவுகளை 1839இல்தான் வெளியிட்டார். அதற்குள் ஜெர்மானியரான பெசல் வேறொரு விண்மீனின் தொலைவை 1838இல் வெளியிட்டுப் புகழைத் தட்டிச் சென்றுவிட்டார். ஏறத்தாழ 4.35 ஒளியாண்டு என்பதே இன்றைய கணக்கு. ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு. 2024 ஆகஸ்டில் வெப் பதிவு செய்த ஒளி அந்த விண்மீனை விட்டுக் கிளம்பியது 2020இன் ஊரடங்குக் காலத்தில்.

நுங்கம்பாக்கத்து முன்னோடி

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டடம் எழும்பிய மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து உண்டு. அந்த ஆய்வகத்துக்குப் பின்னாளில் தலைவரான வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் கம்பெனியின் பொறியாளர் படையிலிருந்து வானியலுக்கு வந்தவர். இரட்டை விண்மீன்களை அளப்பதில் தேர்ந்தவர். ஆல்ஃபா செண்டாரியின் சுற்றுப்பாதையைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டவர்களுள் ஒருவர். ஆனால் அவர் பெயர் உலக வானியல் நூல்களில் நிலைத்திருப்பது வேறு காரணத்தால்.

ஜேக்கப் 1855இல் வெளியிட்ட கட்டுரை 70 ஓஃபியூச்சி என்ற மற்றோர் இரட்டை விண்மீனைப் பற்றியது. அதன் இரு உறுப்புகளும் ஒன்றையொன்று சுற்றும் பாதையைக் கணக்கிட்டால், கணக்கு சொல்லும் இடத்திலிருந்து உண்மையான இடம் ஒழுங்கான முறையில் சிறிது விலகுவதாக அவருக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உடலின் ஈர்ப்பே அந்த விலகலுக்குக் காரணமாக இருக்கலாம், அது கோளாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். சூரிய மண்டலத்துக்கு அப்பால் ஒரு கோள் இருப்பதாக அளவீடுகளின் அடிப்படையில் எழுந்த முதல் கோரிக்கை இது என்று இன்று கருதப்படுகிறது. புறக்கோள், அதாவது வேறொரு சூரியனைச் சுற்றும் கோள் என்ற அறிவியல் தேடலின் முதல் ஏடு சென்னையில் எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் கோள் அங்கே இல்லை. அமெரிக்கரான தாமஸ் சீ நூற்றாண்டின் இறுதியில் அதே விண்மீனுக்கு மறைந்த துணை உண்டென்று மறுபடியும் முழங்கினார். அவர் சொன்ன அமைப்பு நிலைத்திருக்கவே முடியாது என்று 1899இல் ஃபாரஸ்ட் மோல்டன் கணிதத்தால் காட்டினார். கருவியின் நுட்பம் கேள்வியின் நுட்பத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதே ஜேக்கபின் குறை. அவர் கையாண்ட வழி, அதாவது விண்மீனின் தள்ளாட்டத்திலிருந்து அதன் கோளை ஊகிப்பது, இன்றும் செல்லுபடியாகும் வழிதான்.

ஆல்ஃபா செண்டாரியும் இத்தகைய ஏமாற்றத்துக்கு விலக்கல்ல. 'பி'யை மூன்று நாளுக்குச் சற்று மேலான காலத்தில் சுற்றும் பூமியளவுக் கோள் ஒன்று கிடைத்துவிட்டதாக 2012இல் அறிவிப்பு வந்தது. அந்தச் சமிக்ஞை தரவுகளைக் கையாண்ட விதத்திலிருந்து பிறந்தது என்று 2015இல் தெரிந்து, கோள் மறைந்தது. 2016இல் பிராக்சிமாவுக்குக் கிடைத்த கோள் மட்டும் நிலைத்தது.

பெருங்கோள் என்றால்

கோள்களில் பெருங்கோள் என்று தனித்துச் சொல்லப்படுவன, வியாழனையும் சனியையும் போல, பெரும்பகுதி நீர்வளியும் ஹீலியமும் கொண்டு, நிற்பதற்குத் திடத் தரை இல்லாதவை. சனியின் பொருண்மை பூமியைப் போல் 95 மடங்கு, வியாழனின் பொருண்மை 318 மடங்கு. சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் முதல் புறக்கோளாக 1995இல் மிசேல் மயோரும் திதியே கெலோசும் கண்ட '51 பெகாசி பி' இந்த இனத்தைச் சேர்ந்ததே. கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை அதன் ஒளியின் நிறமாலைக் கோடுகள் காட்டிக்கொடுத்தன. வியாழனில் பாதியளவு பொருண்மை கொண்ட அது நான்கே நாளில் தன் சூரியனைச் சுற்றுவது கண்டு அன்றைய அறிஞர்கள் திகைத்தனர். நோபல் பரிசு 2019இல் வந்தது.

இதற்கு நேர் எதிரான கோடியில் நிற்பது, தெற்குச் சிலுவைக்குக் கீழே உள்ள, பூச்சியின் பெயர் கொண்ட 'ஈ' விண்மீன் மண்டலத்தின் ஒரு விண்மீன். சூரியனின் இளமைப் பருவத்தை ஒத்த, ஏறத்தாழ 1.7 கோடி வயதே ஆன, சுமார் 300 ஒளியாண்டு தொலைவிலுள்ள அதைச் சுற்றும் இரண்டு பெருங்கோள்களையும் ஒரே படத்தில் 2020இல் சிலி நாட்டுத் தொலைநோக்கி பதிவு செய்தது. சூரியனை ஒத்த ஒரு விண்மீனின் ஒன்றுக்கு மேற்பட்ட கோள்கள் நேரடியாகப் படமாக்கப்பட்டது அதுவே முதல்முறை. அவற்றின் பொருண்மை வியாழனைப் போல் முறையே 14, 6 மடங்கு. விண்மீனிலிருந்து தொலைவு 160, 320 வானியல் அலகு. நம் நெப்டியூன் 30 அலகில் இருப்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு அகன்ற குடும்பம் என்பது புரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான அந்த விண்மீன் ஸ்ரீமுஷ்ணத்து வானில் சுமார் 14 பாகை உயரம்வரை எழும்பும், தில்லியில் எழுவதே இல்லை.

தெற்கு வானத்துக்கான இந்தச் சலுகையைக் கருதியே வானியலாளர் வைணு பாப்பு 12.6 பாகை அட்சரேகையில், ஜவ்வாது மலைக் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனின் முன்னே கடந்தபோது, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியைப் பதிவு செய்துகொண்டிருந்தனர். கோளின் வட்டு மறைக்கும் முன்னரே ஒளி சட்டென்று குறைந்து மீண்டது. வானில் பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் அதே இரவில் இத்தகைய குறைவுகளைப் பதிவு செய்தது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அப்படித்தான்.

ஒரு முறை தெரிந்த புள்ளி

வெப் தொலைநோக்கி பார்த்தது அகச்சிவப்பில், கண்ணுக்குப் புலனாகாத 15.5 மைக்ரான் அலைநீளத்தில். கண்காணும் ஒளியில் விண்மீனுக்கும் கோளுக்கும் ஒளிர்வு வேறுபாடு பல கோடி மடங்கு. கோள் தன் வெப்பத்தை வீசும் அகச்சிவப்பில் அது பல்லாயிரம் மடங்காகக் குறைகிறது. அப்போதும் விண்மீனின் ஒளியை மறைப்பான் ஒன்றினால் தடுக்க வேண்டும். விருத்தாசலம் சாலையில் எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு ஓரத்தில் நடப்பவரைத் தேடுவது போன்ற வேலை. இங்கே பின்னாலேயே இன்னொரு பேருந்தும் விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறது. மறைப்பானுக்கு வெளியே நிற்கும் 'பி'யின் ஒளி படம் முழுவதும் சிதறுவதைக் கணக்கிட்டுக் கழிப்பதற்காக, 'ஈ' மண்டலத்து எப்சிலான் என்ற விண்மீனையும் ஒப்புநோக்க எடுத்துக்கொண்டார்கள்.

சார்லஸ் பைக்மன், அனிகேத் சாங்கி ஆகியோர் முன்னின்ற குழு, 2024 ஆகஸ்டுப் படத்தில் இரண்டு ஒளியையும் கழித்த பின், 'ஏ'யைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் மங்கிய புள்ளி ஒன்று அதிலிருந்து சுமார் 2 வானியல் அலகு தள்ளி நிற்பதைக் கண்டது. வானில் அந்த இடைவெளி ஒன்றரை விகலை. ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு. பின்னணியில் இருக்கும் வேறு விண்மீனோ, குறுக்கே போன சிறுகோளோ அல்ல என்று குழு வாதிட்டது. ஆனால் 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி பார்த்தபோது புள்ளி இல்லை.

இல்லாமற்போனதை வைத்துக் குழு செய்த கணக்கு சுவையானது. ஆகஸ்டில் அந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய கோளுக்குப் பொருந்தும் பல லட்சம் பாதைகளைக் கணினியில் வரைந்து பார்த்ததில், ஏறத்தாழ பாதிப் பாதைகளில் பிப்ரவரி, ஏப்ரல் இரண்டிலும் கோள் விண்மீனை மிக நெருங்கி மறைப்பானின் ஆட்சிக்குள் போய்விடுகிறது. 2019இல் சிலியிலிருந்து எடுத்து 2021இல் வெளியான பதிவு ஒன்றிலும் ஒரு மங்கிய புள்ளி இருந்தது. இரண்டும் ஒரே கோள் என்றாலும் பொருந்தும் பாதைகள் உண்டு. அவற்றிலிருந்து கிடைக்கும் சித்திரம், சனியளவுப் பொருண்மையோடு 1 முதல் 2 அலகுக்கு இடையே நீள்வட்டத்தில் சுற்றும் ஒரு வாயுக்கோள். சாதகமான பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை மறந்துவிடாதது குழுவின் நேர்மை.

அப்படி ஒரு கோள் இருந்தால் கேள்விகள் குறையப்போவதில்லை, கூடத்தான் செய்யும். பெருங்கோள்களின் கரு, நீர் உறைந்து பனியாகும் அளவு குளிர்ந்த தொலைவில் உருவாகும் என்பது பொதுவான கொள்கை. அந்தத் தொலைவைப் பனிக்கோடு என்பர். 'ஏ'யின் ஒளிக்கு அது 3 அலகுக்கு அப்பால் விழுகிறது. 80 ஆண்டுக்கு ஒருமுறை 'பி' 11 அலகு வரை நெருங்கி இழுப்பதால், கோள் பிறக்கும் தூசித் தட்டு ஏறத்தாழ 3 அலகோடு கத்தரிக்கப்பட்டிருக்க வேண்டும். கருவுக்குரிய பனி கிடைக்கும் இடத்தில் தட்டே இல்லையெனில் சனி எங்கிருந்து வந்தது? 'பி' முன்பு இன்னும் அகன்ற பாதையில் இருந்து பிறகு நெருங்கியிருக்கலாம் என்பது ஒரு விடை. நம் கொள்கையில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பது மற்றொன்று. அதற்கான வாய்ப்பும் குறைவில்லை.

உயிர்களைத் தேடுவோருக்கு இது நல்ல செய்தியும் அல்ல. நீர் திரவமாக இருக்கத்தக்க தொலைவு 'ஏ'யைச் சுற்றி ஏறக்குறைய இந்தக் கோள் ஊசலாடும் அதே பகுதியில்தான் வருகிறது. சனியளவு உடலொன்று நீள்வட்டத்தில் உள்ளேயும் வெளியேயும் போய்வரும் இடத்தில் பூமியை ஒத்த கோள் நிலைத்திருப்பது மிகக் கடினம். மிச்சமிருப்பது நிலவுகள். 'அவதார்' திரைப்படத்தின் பண்டோரா, ஆல்ஃபா செண்டாரி ஏ-யைச் சுற்றும் வாயுக்கோளின் நிலவாகவே 2009இல் கற்பனை செய்யப்பட்டது. கோளின் விஷயத்தில் கற்பனை முந்திக்கொண்டிருக்கக்கூடும். அத்தகைய நிலவைக் காணும் கருவி இன்று எவரிடமும் இல்லை.

அடுத்த சோதனை, கணித்த பாதையில் கோள் விண்மீனை விட்டு விலகி வரும் காலத்தில் வெப் மறுபடியும் அங்கே பார்ப்பது. ஆல்ஃபா செண்டாரி ஆண்டுக்கு 3.7 விகலை வீதம் வானில் நகர்வதால், புள்ளி மீண்டும் தெரிந்தால் அது விண்மீனோடு கூடவே வருகிறதா, பின்தங்குகிறதா என்பதை உடனே சொல்லிவிட முடியும். நாசாவின் நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கி கண்காணும் ஒளியிலேயே தேடும் மறைப்பானைக் கொண்டது. சிலியில் 39 மீட்டர் ஆடியோடு கட்டப்பட்டுவரும் பெருந்தொலைநோக்கி தரையிலிருந்தே முயலும். 'ஏ'யும் 'பி'யும் தம் பாதையில் மிக நெருங்கும் 2035க்குள் இந்தக் கருவிகள் சொல்லப்போகும் விடை, ஆம் என்றோ இல்லை என்றோ ஒன்றாகத்தான் இருக்கும்.